ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்கு எழுகிறீர்களா? மூன்று நாள் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ராத்திரியில் இரண்டு மூன்று தடவை ஒன்றுக்கு எழுந்திருப்பதை ராமநாதபுரம் கடலோரத்தில் யாரும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பது ஒரு பதில். "உடம்பு சூடு, இளநி குடிங்க" என்பது இன்னொன்று. யாரிடமும் சொல்லாமல் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிட்டு, அப்புறமும் எழுந்துகொண்டே இருப்பவர்களும் உண்டு.

காரணம் ஒன்றாக இருந்தால் பதிலும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் இங்கே காரணம் நான்கு. ஒருவருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே அவசரப்படுத்துகிறது. இன்னொருவருக்குப் பை நன்றாக இருக்கிறது, சிறுநீரகம்தான் பகலில் செய்ய வேண்டிய வேலையை ராத்திரியில் செய்கிறது. மூன்றாமவருக்குப் பகல், இரவு என்றில்லாமல் எப்போதுமே அதிகமாகப் போகிறது. நான்காமவருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, விழித்துவிட்டதால் எழுந்து போகிறார். முதலாமவருக்குத் தரும் மாத்திரை இரண்டாமவருக்கு வேலை செய்யாது. மூன்றாமவர் தண்ணீரைக் குறைத்தால் ஆபத்து. அதனால் எதையும் செய்வதற்கு முன் நீங்கள் இதில் யார் என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஸ்கேன் வேண்டியதில்லை, ஒரு பிளாஸ்டிக் மக்கும் நோட்டும் போதும்.

எத்தனை தடவை என்றால் கவனிக்க வேண்டும்? ராத்திரிக்கு ஒரு தடவை என்றால், உங்களுக்குத் தொந்தரவு இல்லாதவரை, விட்டுவிடலாம். இரண்டும் அதற்கு மேலும் என்றால் பார்க்க வேண்டும். இங்கே ராத்திரி என்பது நீங்கள் நீண்ட தூக்கம் தூங்கும் நேரம். விசைப்படகில் ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு விடிந்து கரை திரும்பி, பகலில் தூங்குகிறவருக்கு அந்தப் பகல்தான் ராத்திரி. எழுந்து போய்விட்டுத் திரும்பப் படுப்பதைத்தான் எண்ண வேண்டும். விடிந்து எழுந்ததும் போவதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

முதல் படி: மக், நோட்டு, மூன்று நாள்

அகலமான வாய் உள்ள பிளாஸ்டிக் மக் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். குழந்தைக்குப் பால் புகட்டும் புட்டியில் அளவுக்கோடு இருக்கும். அதில் 50 மில்லி தண்ணீர் எடுத்து மக்கில் ஊற்றி, மார்க்கரால் ஒரு கோடு. மறுபடி 50, மறுபடி கோடு. 500 மில்லி வரை வந்தால் போதும்.

நோட்டில் எழுத வேண்டியவை: எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மில்லி, அவசரமாக வந்ததா, அடக்க முடியாமல் கசிந்ததா. பக்கத்திலேயே என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். தண்ணீர் மட்டும் எழுதினால் கணக்கு தப்பும். டீ, கஞ்சி, ரசம், பழைய சோற்று நீராகாரம், இளநீர், சர்பத், தர்பூசணி எல்லாமே நீர்தான். மதுவும் எழுதுங்கள். டாக்டர் அதற்காக யாரையும் திட்டப்போவதில்லை, மறைத்தால் காரணம்தான் மறையும். படுத்த நேரம், எழுந்த நேரம், அன்றைக்குச் சாப்பிட்ட மாத்திரைகள், சாயங்காலம் கால் வீங்கியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வழக்கமான நாளாக இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர்களின் தூக்கம், சாப்பாடு எல்லாம் வேறு மாதிரி. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் ரமலான் மாதத்தில் நோன்பு திறந்ததிலிருந்து விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் வரைதான் குடிப்பதெல்லாம், அந்த மாதத்தில் ராத்திரி எழுந்திருக்காமல் இருந்தால்தான் அதிசயம். அந்த நாட்களின் கணக்கை வைத்து மற்ற மாதங்களைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

வீட்டுப் பெரியவருக்காக எழுதுகிறீர்கள் என்றால், "அய்யா, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீய?" என்று கேட்டுப் பயனில்லை. "ஒண்ணு ரெண்டு தடவை" என்பார், அது ஐந்தாகவும் இருக்கும். கூச்சம் பாதி, மறதி பாதி. மக்கைக் கையில் கொடுத்துவிட்டு, அளவை மட்டும் காலையில் கேட்டு எழுதுங்கள். ராத்திரிக்கு நான்கு பழைய டப்பாக்களை வைத்துவிட்டால் விடிந்ததும் நீங்களே அளந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: கணக்கைப் படிப்பது

ராத்திரி அளவைக் கூட்டுங்கள். ஒரு விதி முக்கியம்: படுக்கப் போகும் முன் கடைசியாகப் போனது பகல் கணக்கு, விடிந்ததும் முதலில் போனது இரவுக் கணக்கு. ஏனென்றால் அது ராத்திரி முழுக்கச் சுரந்து சேர்ந்தது. முன்னே எண்ணிக்கையில் விட்ட அதே தடவையை, அளவில் சேர்க்கிறோம்.

ஒரு உதாரணம். 66 வயதுக்காரர் ஒருவர் பத்து மணிக்குப் படுக்கிறார். 12 மணிக்கு 250 மில்லி, 2 மணிக்கு 300, 4 மணிக்கு 200, விடிந்ததும் 250. மொத்தம் 1,000. பகலில் 900. ஆக ஒரு நாளைக்கு 1,900. பாதிக்கு மேல் ராத்திரியில் போகிறது. 65 வயதுக்கு மேல் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ராத்திரிச் சுரப்பு அதிகம் என்று மருத்துவம் கணக்கிடுகிறது. இளவயதுக்காரர்களுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் எல்லை. ஒவ்வொரு தடவையும் 200, 300 என்று நல்ல அளவாகவே போவதைக் கவனியுங்கள். இவருடைய பையில் குறை இல்லை. சிறுநீர்ப்பைக்கான மாத்திரையைக் கொடுத்தால் இவருக்கு வாய் உலர்வதுதான் மிச்சம்.

இன்னொருவருக்கு 80, 60, 100, 70 என்று கொஞ்சம் கொஞ்சமாக நான்கு ஐந்து தடவை. பகலிலும் அப்படியே. இது பையின் கோளாறு, அல்லது பைக்குக் கீழே ஏதோ அடைப்பு, அல்லது தொற்று.

மொத்தமே மிக அதிகம் என்றால், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லியைத் தாண்டினால், 60 கிலோ உள்ளவருக்கு 2,400 மில்லிக்கு மேல் போனால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் திரும்பப் பிடித்துவைக்க முடியாமல் போகிறது. சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகம் எடுக்கும், குடிப்பார்கள், மறுபடி போகும். இவர் தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வற்றிப்போகும், சர்க்கரை குறையாது. "நான் சீனியே சேர்க்கிறதில்ல, கருப்பட்டிக் காப்பிதான்" என்று சாயல்குடிப் பக்கம் சொல்வார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

நான்காவது வகை கணக்கில் சரியாகப் பிடிபடாது. அளவு ஒரு தடவை 50, ஒரு தடவை 250 என்று தாறுமாறாக இருக்கும். கேட்டால் "முழிப்பு வந்துருச்சு, சரி போயிட்டு வந்துருவோம்னு போனேன்" என்பார்கள். பலருக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மூன்றாம் படி: உப்பு

ராத்திரிச் சுரப்பு அதிகம் என்று கணக்கு சொன்னால் நம் கடலோரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது உப்பைத்தான். இதைச் சொன்னால் பலருக்கும் கோபம் வரும். கருவாட்டைக் குறை சொன்னால் வராதா என்ன?

சாப்பிட்ட உப்பை உடம்பு அப்படியே வெளியே தள்ளிவிடுவதில்லை. உப்பு இருக்கும் வரை அதற்கு ஏற்ற தண்ணீரையும் பிடித்து வைக்கும். பகலில் தள்ளி முடிக்காத உப்பைச் சிறுநீரகம் ராத்திரியில் தள்ளும், தண்ணீரும் கூடவே போகும். அதனால்தான் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டு குடிக்காதவரும் ராத்திரி நிறையப் போகிறார். தண்ணீரை நிறுத்தினேன், பயனில்லை என்று சொல்பவர்களில் பலரின் கதை இதுதான்.

ஜப்பானும் மீனும் உப்பும் நிறையச் சேர்க்கும் நாடு. அங்கே நாகசாகி பல்கலைக்கழகத்தின் தொமோஹிரோ மட்சுவோ குழு 2017இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. உப்பு அதிகம் சாப்பிட்டு, தூக்கமும் கெட்டிருந்த 321 பேருக்கு உப்பைக் குறைக்க வழி சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். 223 பேர் குறைத்தார்கள். நாளுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்கு வந்தது. ராத்திரி எழுவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 ஆனது. மீதி 98 பேருக்கு உப்பு 9.6இலிருந்து 11 கிராமாகக் கூடியது, எழுவதும் 2.3இலிருந்து 2.7 ஆனது. குறைத்தவர்கள்கூட உப்பில்லாப் பத்தியம் இருக்கவில்லை. 8 கிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமை விட மிக அதிகம். கொஞ்சம் குறைத்ததற்கே அந்தப் பலன்.

இங்கே எப்படிக் குறைப்பது? கருவாட்டை விட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து மதியத்துக்கு மாற்றுங்கள். சமைப்பதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி அலசுங்கள். குழம்பில் கருவாடு விழுந்தால் அதற்குத் தனியாக உப்புப் போட வேண்டாம், கருவாடே இறக்கும். ராத்திரி இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், கஞ்சிக்கு மோர்மிளகாய், சோற்றுக்கு அப்பளம் என்று வருகிறதே, அந்தக் கூட்டம்தான் கருவாட்டை விட அதிகமாக ஒளிந்துகொண்டு வரும். கடையில் வாங்கும் மிக்சர், பரோட்டா சால்னா இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் அந்த உப்பும் கணக்கில் ஏறும். முடிந்தவரை குடிநீரிலேயே சமையுங்கள்.

வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: அரைக் கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில், ஆளுக்கு 5 கிராம் என்றால், 25 நாள் வர வேண்டும். கருவாட்டில் இருக்கும் உப்பு இதில் சேரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளிலேயே தீர்ந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நான்காம் படி: தண்ணீரின் நேரத்தை மாற்றுவது

அளவைக் குறைப்பது வேறு, நேரத்தை மாற்றுவது வேறு. வெயிலில் வேலை செய்கிற ஊர் இது. பகலில் குடிப்பதற்கு நேரமில்லை, படகில் தண்ணீரை எண்ணிக் குடிக்கிறோம், வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு மேல் ஒரு செம்பு, சாப்பாட்டோடு ஒரு செம்பு, படுக்கும் முன் இன்னொரு செம்பு. பன்னிரண்டு மணிக்கு அது எழுப்பத்தானே செய்யும்? பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாடு இன்னும் மோசம். போக இடம் இல்லாததால் காலையிலிருந்தே குடிப்பதில்லை. அதில் நீர்க்கடுப்பும் கல்லும் சேர்ந்து வருகின்றன.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நாளைக்குக் குடிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு தாகத்துக்கு மட்டும். படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் நாக்கை நனைக்கும் அளவு. படகில் போகிறவர் தனக்கென்று இரண்டு லிட்டர் கேன் எடுத்துப் போய், கரைக்கு வருவதற்குள் அதைத் தீர்க்க வேண்டும். மொத்த அளவைக் குறைக்காதீர்கள். இந்த வெயிலில் குறைத்தால் கல் வரும், மயக்கம் வரும். இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் ஏற்கெனவே அளவு சொல்லியிருந்தால், அந்த அளவுக்குள் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

டீயும் காப்பியும் மதியத்தோடு சரி. காபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். ராத்திரி எட்டு மணிக்குக் கடைத்தெருவில் குடிக்கும் டீ, சிறுநீரையும் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும். மது அதைவிட மோசம்.

இன்னொன்று. நீர் பிரிய வேண்டும் என்று நெருஞ்சி முள் கசாயம், வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் என்று ராத்திரி ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு டம்ளர் தண்ணீருமே எழுப்பும். குடிக்கத்தான் வேண்டும் என்றால் காலையில் குடியுங்கள்.

நோன்பு நாட்களில் நோன்புக் கஞ்சி, சர்பத், தண்ணீர் என்று ஒரே மூச்சில் குடிக்காமல், நோன்பு திறந்ததிலிருந்து தராவீஹ் தொழுகை முடியும் வரை பிரித்துக் குடித்தால் நடு ராத்திரி கொஞ்சம் அமைதியாகும். சஹரில் உப்பு அதிகமான எதுவும் வேண்டாம், பகல் முழுக்கத் தாகம் எடுக்கும். சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே டாக்டரிடம் நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: காலையும் மாத்திரைப் பெட்டியையும் பாருங்கள்

சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல், கட்டை விரலால் பத்து விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தால் காலில் நீர் சேர்ந்திருக்கிறது. நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்காருபவர்களுக்கும், ஏலக்கூடத்திலும் மீன் கடையிலும் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கும் இது சாதாரணம். படுத்ததும் காலில் இருந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. படுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முதல் தடவை எழ நேர்ந்து, அளவும் அதிகமாக இருந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு மணி நேரம் காலை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை அடுக்கிப் படுத்தால், அந்த நீர் படுப்பதற்கு முன்பே வெளியேறிவிடும். சாயங்கால நடையும் உதவும். இறுக்கக் காலுறை போடுவதென்றால் காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான். சர்க்கரைக்காரர்களுக்கு இது கட்டாயம். கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, தலையணை உயர்த்தாமல் படுக்க முடியவில்லை என்றாலோ, இது காலைத் தூக்கி வைத்துச் சரிசெய்யும் விஷயம் இல்லை. இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

மாத்திரைகள்: பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். நீர் பிரிக்கும் மாத்திரைகளில் புரூசமைடின் வேலை சுமார் ஆறு மணி நேரம். அதை ராத்திரி சாப்பிட்டால் ராத்திரி முழுக்க நடைதான். சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் வகை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றியே வேலை செய்கிறது, அதனால் காலையில் சாப்பிடுவது நல்லது. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். "இதை மதியத்துக்கு மாற்றலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நேரம் மாறியதுமே பாதி சரியானவர்கள் உண்டு. மருந்துக் கடையில் சளிக்கு வாங்கும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: மூக்கடைப்பைத் திறக்கும் வகை, தூக்கம் வரவைக்கும் வகை இரண்டுமே, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரை அடியோடு நிறுத்திவிடக்கூடும்.

பைதான் காரணம் என்றால்

பெண்களுக்கு எரிச்சல், கலங்கல், நாற்றம் இருந்தால் தொற்றாக இருக்கலாம். யூரின் டெஸ்ட் செய்யாமல் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகள் எரிச்சல் இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் அவசரத்துக்கும், கருப்பை இறக்கத்துக்கும் சிகிச்சை இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் துணி மாற்றிக்கொண்டிருப்பது தேவையில்லாத கஷ்டம்.

அவசரம் மட்டும் என்றால் பையைப் பழக்கலாம். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்று, வாயுவை அடக்குவது போல அடித்தசையை ஐந்தாறு தடவை சுருக்குங்கள். அவசரம் தணிந்த பிறகு நடந்து போங்கள். பகலில் போகும் இடைவெளியைப் பத்து, பதினைந்து நிமிடமாக நீட்டிக்கொண்டே வாருங்கள். தனியாக அதே தசையை ஐந்து விநாடி சுருக்கி, ஐந்து விநாடி விட்டு, பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், நிறைந்த குடல் பையை நெருக்கும்.

ஆண்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் புரோஸ்டேட் சுரப்பி பெரிதாவது சகஜம். சிறுநீர் வரத் தாமதம், மெல்லிய தாரை, போய் முடித்த பிறகும் சொட்டுவது, முழுசாகப் போகாத உணர்வு, இவையெல்லாம் அதன் அடையாளம். வீக்கம் என்றாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம், இரண்டும் வேறு. போய் முடித்து அரை நிமிடம் நின்று மறுபடி முயன்றால் மிச்சமும் வரும். டாம்சுலோசின் போன்ற மாத்திரை தாரையைச் சீக்கிரமே சீராக்கும். ஆனால் எழுந்ததும் தலைசுற்றலாம். புதிதாக ஆரம்பித்த நாட்களில் படகு ஓரத்தில் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயம். கரையில் இருக்கும் நாட்களில் தொடங்குங்கள். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு வேலை செய்ய ஆறு மாதம் வரை ஆகும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். புரோஸ்டேட் ஆபரேஷன் செய்த பிறகும் ராத்திரி எழுவது நிற்காதவர்கள் நிறைய. தாரை நன்றாகியிருக்கும், ராத்திரிச் சுரப்பு அப்படியே இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே அந்த மூன்று நாள் கணக்கு இருந்திருந்தால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்திருக்கும்.

தூக்கம்

பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கு அந்தத் திணறலே சிறுநீரைக் கூட்டும். மூச்சு அடைபடும்போது இருதயத்திலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரகத்தை வேகப்படுத்துகிறது. பக்கத்தில் படுப்பவர்தான் இதைச் சொல்ல முடியும். பகலெல்லாம் தூங்கி வழிவதும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் குறட்டையைப் பற்றியும் பேசுங்கள்.

டாக்டரிடம் எப்போது, எங்கே?

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீர், சர்க்கரை, பிரஷர் மூன்றையும் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமும் சொல்லலாம். அதற்கு மேல் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும், போய் முடித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஸ்கேனும் தேவைப்பட்டால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ராத்திரிச் சுரப்பைக் குறைக்க டெஸ்மோபிரெசின் என்று ஒரு மருந்து உண்டு. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். யாரோ சாப்பிட்டுச் சரியாயிற்று என்று கேட்டு வாங்கக் கூடிய மருந்து இல்லை.

தாமதிக்கவே கூடாதவை: சிறுநீரில் ரத்தம், குளிர் காய்ச்சலோடு விலா வலி, கால் மரத்துப்போய்ச் சிறுநீர் அடக்க முடியாமல் போவது, தாகமும் எடை குறைவும் சேர்ந்து வருவது. அடிவயிறு கல் போல உப்பி, ஒரு சொட்டும் வராமல் போனால் உடனே 108. தாரை மெலிந்து கொண்டே வருகிறவர், கடலிலேயே நாள்கணக்கில் இருக்கும் தங்கல் மீன்பிடிக்குப் போகும் முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நடுக்கடலில் அடைத்துக்கொண்டால் கரை வந்து சேர்வது வரை படும் வேதனை சாதாரணமில்லை.

கழிவறைக்குப் போகும் வழி

காரணத்தைச் சரிசெய்யும் வரை எழுந்துதான் ஆக வேண்டும். ராத்திரி எழுவதில் உண்மையான ஆபத்து விழுவது. நம் பக்கம் பல வீடுகளில் கழிவறை வெளியே. வாசல்படி, சிமென்ட் மேல் மணல், கரண்ட் இல்லாத ராத்திரி, சில நேரம் பாம்பு. எண்பது வயது அப்பத்தாவை அந்த இருட்டில் நடக்க விடுவதை விட, அறைக்குள்ளேயே மூடி போட்ட வாளியோ கமோடு நாற்காலியோ வைப்பது எவ்வளவோ மேல். ஆண்களுக்கு மருந்துக் கடையில் யூரின் கேன் கிடைக்கும். வெளியேதான் போக வேண்டும் என்றால் வழியில் கயிறு கட்டுங்கள் அல்லது கைப்பிடி வையுங்கள், டார்ச் தலைமாட்டிலேயே இருக்கட்டும், செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். படுக்கையிலிருந்து நேராக எழுந்து நிற்கக் கூடாது. ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் நிற்க வேண்டும். பாயில் படுப்பவர் சுவரோரமாகப் படுத்தால் பிடித்து எழ வசதி. ஆண்களும் ராத்திரியில் உட்கார்ந்தே போவது நல்லது, நின்றபடி போகும்போது மயங்கி விழுபவர்கள் உண்டு.

நான்கு வாரம் கழித்து

மறுபடி மூன்று நாள் கணக்கு எடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், முதலில் உப்பும் தண்ணீர் நேரமும், அப்புறம் மற்றவை என்று போனால் எது பலன் தந்தது என்று தெரியும். எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தாலே நல்ல பலன். அதைவிட முக்கியமாக, படுத்ததிலிருந்து முதல் தடவை எழும் வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி அந்த முதல் மூன்று நான்கு மணி நேரத்தில்தான். படுத்து ஒன்றரை மணி நேரத்திலேயே எழுப்பியது மூன்று மணி நேரத்துக்குத் தள்ளிப் போயிருந்தால், எண்ணிக்கை குறையாவிட்டாலும் காலையில் உடம்பு வித்தியாசத்தைச் சொல்லும். ஒன்றுமே மாறவில்லை என்றால் இரண்டு கணக்கையும் சேர்த்து டாக்டரிடம் கொடுங்கள். முதல் கணக்கைத் தடைக்காலத்தில் எடுத்தவர், கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு இன்னொரு மூன்று நாள் எடுக்க வேண்டியிருக்கும்.